பத்து ஆண்டுக்கு மேல் கிரஞ்சிரோல் சந்தா: என் அனுபவம்

2007ல் நான் சிங்கப்பூரில் பாலிடெக்னிக் மாணவி. அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவிறக்கியவர்களிடம் 3,000 முதல் 5,000 வெள்ளி வரை கேட்டு, ஓடெக்ஸ் என்ற சிங்கப்பூர் விநியோக நிறுவனம் கடிதம் அனுப்பிய ஆண்டு அது. செய்தியைப் படித்த அப்பா நேரே என் அறைக்கு வந்தார். "அந்த ஜப்பான் பொம்மைப் படமெல்லாம் எங்கேருந்தும்மா எடுக்கிறே?" அன்றிரவே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். வாடிக்கையாளர் விவரம் தர, இணையச் சேவை நிறுவனமான பசிபிக் இன்டர்நெட் மறுத்ததால் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரியில் ஓடெக்சின் மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனால் அனிமே தயாரித்த ஜப்பானிய நிறுவனங்களுக்கு அந்த விவரங்களைத் தர உத்தரவானது.

அப்புறம் கடைகளில் விசிடி வாங்கிப் பார்த்தேன். ஒரு டிஸ்க்கில் வசன வரிகள் படத்துக்கு முன்னால் ஓடின. காசு கொடுத்தும் கிடைத்தது அதுதான்.

இணையத்தில் அனிமே காட்டும் கிரஞ்சிரோலும் யோக்கியமாகத் தொடங்கிய நிறுவனம் அல்ல. 2006ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தொடங்கியபோது, ரசிகர்கள் அனுமதியின்றி ஏற்றிய காணொளிகள்தான் அதில் நிறைந்திருந்தன. 2009 முதல் உரிமம் பெற்றவற்றை மட்டும் காட்டுவதென்று மாறியது. 2021ல் சோனியின் அனிமே நிறுவனமான ஃபனிமேஷன் அதை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது 50 லட்சமாக இருந்த சந்தாதாரர் எண்ணிக்கை 2024ல் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. இந்த வளர்ச்சிக்குக் காரணம் வேகம் என்பேன். ஜப்பானில் ஒளிபரப்பான சற்று நேரத்திலேயே வசன வரிகளோடு இங்கே வந்துவிடுகிறது. நமக்கும் தோக்கியோவுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பள்ளிவாசல் கடை நாசி லெமாக்கை மேசையில் வைத்துக்கொண்டு புது அத்தியாயத்துக்குக் காத்திருந்த இரவுகள் எத்தனையோ. கடிதங்களுக்குப் பயந்து நிறுத்திய என்னை, காசு கட்டிப் பார்க்கவைத்தது இதுதான்.

எல்லாத் தொடரும் கிடைக்கும் என்று நினைத்துச் சேராதீர்கள். ஜப்பானியத் தயாரிப்புக் குழுக்கள் உரிமையை வட்டாரம் வட்டாரமாக விற்கின்றன. தென்கிழக்காசிய உரிமை பலவும் தைவானின் மியூஸ், ஹாங்காங்கின் மீடியாலிங்க் கையில். அவர்களுடைய மியூஸ் ஏஷியா, ஆனி-ஒன் ஏஷியா யூடியூப் ஒளிவழிகளில் நிறையவே இலவசம். முதலில் அங்கே தேடுங்கள், இல்லாததற்கு மட்டும் சந்தா கட்டுங்கள். ஓடெக்சும் இன்று வேறு முகத்தோடு இருக்கிறது. 2020 நவம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படத்தை இங்குள்ள அரங்குகளுக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். கொவிட் இடைவெளிக்காக இடையிடையே இருக்கைகளைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தோம். ஆனாலும் அரங்கு முழுக்க விசும்பல் கேட்டது.

ஆங்கில வரிகளில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. ஜப்பானியர்களும் நம்மைப் போலவே அண்ணன், அக்கா என்று முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் வெறும் பெயராகிவிடும். அதனால்தான் கிரஞ்சிரோல் தமிழ்க் குரலையும் சேர்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். போன ஆண்டு திருச்சியில் சித்தி வீட்டில் தமிழில் ஒரு தொடரைப் போட்டார்கள். அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல், வரிகளைப் படிக்க முடியாது. இருபத்துநான்கு நிமிடமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும், "அடுத்ததைப் போடும்மா" என்றார்.