கிரானைட் மேடையில் மூலை இணைப்பு: மதுரைப் பட்டறை ஒன்றின் வேலை

எங்கள் சமையலறை ‘எல்’ வடிவம். ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 6 அடி, மேடையின் அகலம் 2 அடி. எவ்வளவு பெரிய கிரானைட் ஸ்லாப் வாங்கினாலும் மூலையில் ஓர் இணைப்பு வருவதுதான் வழக்கம். கல்லின் அழகைக் கடையிலேயே பார்த்துவிடலாம். இணைப்பின் லட்சணம் ஆட்கள் கூலி வாங்கிப் போன பிறகுதான் தெரியும்.

பழைய மேடையைப் போட்டவர் வேறு ஒருவர். இரண்டு கல்லுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் இடைவெளி விட்டு, அதை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார். நான் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் போட்டு விற்பவள். வெள்ளைச் சிமெண்டு மஞ்சளையும் எண்ணெயையும் குடிக்கும். புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். அந்தக் கோடு மஞ்சளாகி, கறுத்து, கடைசியில் உதிர்ந்தே போனது.

இந்த முறை வேலையைச் செய்தவர்கள் அண்ணன் தம்பி இருவர், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர்கள். அளவெடுக்க வந்ததும் அவர்கள் முதலில் செய்தது, சுவர் மூலையில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்ததுதான். சுவர் நேராக இல்லை. டேப் அளவை நம்பாமல் அட்டையை வெட்டி அச்சு எடுத்துக்கொண்டார்கள். நான் வரி ஓடும் பாரடைசோ கல்லைக் கேட்டேன். “மூலையில் வரி முறிந்து தெரியும் அக்கா, பிறகு எங்களைத் திட்டுவீர்கள்” என்றார் மூத்தவர். புள்ளி புள்ளியாக இருக்கும் டான் பிரவுன் கல்லில் கோடு ஒளிந்துகொள்ளும் என்று சொல்லி, இரண்டு துண்டையும் ஒரே ஸ்லாபிலிருந்து வெட்டினார்கள். மூலையைக் குறுக்காக 45 பாகையில் வெட்டவும் அவர்கள் சம்மதிக்கவில்லை. அப்படி வெட்டினால், 2 அடியில் முடிய வேண்டிய இணைப்புக் கோடு ஏறக்குறைய 2 அடி 10 அங்குலமாக நீளும். கூர்முனையும் எளிதில் உடையும். விற்கிற அவசரத்தில் எதற்கும் தலையாட்டாத இந்தக் குணத்துக்காகவே இவர்களைப் பரிந்துரைக்கிறேன்.

கல்லை அடியிலிருக்கும் கடப்பாக்கல்லின் மேல் வைத்து, ரசமட்டம் பார்த்துப் பார்த்து மெல்லிய தகடு கொடுத்து உயர்த்தினார்கள். பொழுதெல்லாம் இதற்கே போனது. போகட்டும், இணைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெட்டிய விளிம்புகளை அசிட்டோனால் துடைத்து, இருபுறமும் காகித டேப் ஒட்டி, கல்லின் நிறத்துக்குச் சாயம் கலந்த எப்பாக்சிப் பசையைப் பூசி, கல்லைப் பற்றி இழுக்கும் உறிஞ்சுகருவியால் இரண்டையும் நெருக்கினார்கள். சாயத்தை முன்கூட்டியே ஒரு உடைந்த துண்டில் தடவி, காய்ந்த பிறகு எப்படி இருக்கிறது என்று என்னிடம் காட்டியது எனக்குப் பிடித்தது. பாலியெஸ்டர் பசை சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் இறுகும்போது சுருங்கி, கோடு பள்ளமாகும். எப்பாக்சி நிதானமாகக் காயும், அவ்வளவாகச் சுருங்காது. மறுநாள் வரை மேடையில் கை வைக்க விடவில்லை. பிறகு பிளேடால் மிச்சத்தைச் சீவி எடுத்தார்கள்.

மேற்பரப்பில் கிரைண்டரை வைக்கவே இல்லை. தொழிற்சாலையின் பெரிய இயந்திரம் தந்த பளபளப்பைக் கைக் கருவி அப்படியே திருப்பித் தருவது அரிது. ஜன்னல் வெளிச்சத்தில் மங்கிய திட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும். முன்பக்க அரைவட்ட மோல்டிங்கை மட்டும், இணைப்பு வரும் இடத்தில், சொரசொரப்பைக் குறிக்கும் எண் 50-இல் தொடங்கி மிக வழவழப்பான 3000 வரை வைரப் பேடுகளை மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். அந்த விளிம்பு இந்த வேலையிலேயே மிக அழகு.

கோடு கண்ணுக்கே தெரியாது என்று சொல்லமாட்டேன். சாய்வாகப் பார்த்தால் முடி போலத் தெரிகிறது. நகத்தால் கீறிப் பார்த்தால் தடுக்கவில்லை, மஞ்சளும் ஏறவில்லை. சூடான இருப்புச்சட்டியை நேராக அதன் மேல் இறக்கினால் எப்பாக்சி இளகும் என்று எச்சரித்தார்கள். அதனால் பிரிமணை வைத்துத்தான் இறக்குகிறேன்.

இணைப்புக்குத் தனியாக 2,500 ரூபாய் வாங்கினார்கள். கொடுக்கலாம். கோபம் வருவது வேறு விஷயத்தில். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. சிங்க்கின் பின்புறம் சிலிகானை அப்பிய விதம் அவர்கள் கைக்கே பொருந்தாதது. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூச வைத்தேன். தேய்த்த கல்மாவு நீரைச் சிங்க் குழாயிலேயே ஊற்றினார்கள், அது அடியில் படிந்து வளைவில் அடைத்துக்கொண்டது. முன்பணம் கொடுக்கும்போதே, அந்தக் கழிவை வாளியில் பிடித்து வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.