விண்விண்ணுக்கு இங்கிலீஷில் எந்தத் துடிப்பு?

போன மாதம் சின்னம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல் சொத்தை, கன்னம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா, அவர்கிட்ட சொல்லு" என்றார். டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. நான் பெரிய ஆள் மாதிரி "பீட்டிங், டாக்டர், நைட் ஃபுல்லா பீட்டிங்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி வீங்கின கன்னத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் குரலைத் தாழ்த்தி "யார் அடித்தது?" என்று கேட்டார்.

ஜிப்மரில் ஆரம்பித்து சின்ன கிளினிக் வரைக்கும் வெளிமாநில டாக்டர்கள் இருக்கிற புதுச்சேரியில், துடிப்புக்கான இங்கிலீஷ் வார்த்தைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

சின்னம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது த்ராபிங். சீழ் கட்டின விரல், சொத்தைப் பல், ஒற்றைத் தலைவலி எல்லாம் இதில்தான் வரும். உள்ளேயிருந்து கிளம்பி, ஏறி இறங்கி, விடாமல் வருகிற துடிப்பு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை படகு எஞ்சின் ஓடும்போது பலகை வழியாக உள்ளங்காலில் ஒன்று ஏறுமே, அதற்கும் இங்கிலீஷ்காரன் த்ராப் என்றுதான் சொல்வான்.

பல்ஸ் வேறு. அது நாடி. வலி இருக்க வேண்டிய அவசியமே இல்லை, நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். (ரேஷன் கடைப் பருப்பும் பல்ஸ்தான், ஆனால் அதற்கு லத்தீனில் வேர் வேறு.) பல்லில் தெறிப்பது நாடிதான் என்று நானும் நினைத்திருந்தேன். 2012-ல் அமெரிக்காவில் பல்வலிக்காரர்களை வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: நாடி சராசரி 73, வலி தெறித்தது 44 தடவைதான், இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. அதனால் பல்ஸும் த்ராபும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பீட் எண்ணக்கூடிய அடி. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் மேளம் அடிப்பது பீட், இதயம் அடிப்பதும் பீட். பல்லுக்கு ஆகாது. ஆனால் ஒரு வேடிக்கை, 1975-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட வலி வினாத்தாளில் முதல் வரிசையே இந்த ஜாதி வார்த்தைகள்தான்: ஃப்ளிக்கரிங், க்விவரிங், பல்சிங், த்ராபிங், பீட்டிங், பவுண்டிங், போகப் போக வலி ஏறுகிற வரிசையில். அந்தக் காகிதப்படி பார்த்தால் நான் சொன்னது ஒரு படி கூடுதல், அவ்வளவுதான். இதை டாக்டரிடம் சொல்லத்தான் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பவுண்டிங் மண்டையிடி. கடற்கரைச் சாலைக் கருங்கல்லில் அலை வந்து மோதுகிற மாதிரி. மாடிப்படி ஏறி வந்ததும் நெஞ்சு தடதடவென்று அடிப்பதற்கும் இதே வார்த்தை.

நெஞ்சு என்று வந்துவிட்டால் கவனம் வேண்டும். படபடப்பு என்று நாம் சொல்லுகிற ஒற்றை வார்த்தைக்குள் பரீட்சை பயமும் இருக்கிறது, நிஜ இதயக் கோளாறும் இருக்கிறது. பால்பிடேஷன் என்றால் இதயம் அடிப்பது தனக்கே தெரிவது; பயத்தில் வந்தாலும் நோயில் வந்தாலும் பொருந்தும் என்பதால் சந்தேகம் வந்தால் இதையே சொல்லுங்கள். ஃப்ளட்டர் என்பது புறா சிறகடிக்கிற மாதிரி லேசாக, வேகமாக. எனக்குக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏட்ரியல் ஃப்ளட்டர் என்று ஒரு நோயே உண்டு, அதில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்குச் சுமார் 300 தடவை அடித்துக்கொள்ளும். அழகுக்காக அதை டாக்டரிடம் எடுத்துவிட வேண்டாம்.

திக்திக் என்பதற்கு மட்டும் நேர் வார்த்தை எனக்குச் சிக்கவில்லை. தட் (thud) என்கிறார்கள், அதில் சத்தம் இருக்கிறது, பயம் இல்லை.

அன்றைக்கு டாக்டர் கேட்டதை நான் மொழிபெயர்த்ததும் சின்னம்மா வீங்கின வாயோடு சிரிக்கப் போய் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "உங்க சித்தப்பாவா? அவரு கொசுவைக்கூட அடிக்க மாட்டாரேடா!"


வேர் சிகிச்சைக்கு அடுத்த வாரம் போனபோது டாக்டரே முந்திக்கொண்டு, "அம்மா, விண்விண் இருக்கா?" என்றார்.