கோ-கார்ட்டில் டேட்டா லாகர்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

மலேசியாவில் பந்திங்கில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்து ஆட்கள். கப்சாயில், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளில், சுமை கட்டிக்கொண்டு செம்மண் ரோட்டில் ஏறுகிறவர்கள். "அண்ணே, மேட்டுல இழுக்க மாட்டேங்குது, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் போடுங்க" என்பார்கள். செயின் ஓடும் அந்தப் பல்சக்கரத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தால் மேடு ஏறும். ஆனால் பெரிய ரோட்டில் எஞ்சின்தான் கத்தும், வண்டி ஓடாது. பல் கணக்கு எனக்குக் கை வந்தது இப்படித்தான். அதனால் அக்கா மகன் சிப்பாங் பந்தயத் தடத்தில் கோ-கார்ட் என்கிற சின்ன ரேஸ் வண்டி ஓட்ட ஆரம்பித்தபோது, கியர் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். ஓடும்போது வேகம், எஞ்சின் சுற்று எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் டேட்டா லாகரை அவன் கார்ட்டில் மாட்டினோம். அந்த மிதப்பு முதல் வருடத்திலேயே இறங்கிவிட்டது.

லாகர் எந்த கம்பெனி என்று எழுதப் போவதில்லை. குறை சொல்லும் இடங்கள் வரும், அதில் பாதி என் கைவேலை. ஸ்டியரிங் நடுவில் உட்காரும் சின்னப் பெட்டி, உள்ளே ஜிபிஎஸ். ஸ்பார்க் பிளக் வயரைக் கவ்விக்கொண்டு ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) எடுக்கும் ஒரு கிளிப், எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் ஒரு சென்சார். ஓடி முடித்ததும் வைஃபையில் லேப்டாப்புக்கு இறக்கிக்கொள்ளலாம். புதுக் கப்சாய் ஒன்றின் பாதி விலை வந்தது. அக்காவிடம் கால்வாசிதான் என்று சொல்லியிருக்கிறோம்.

எங்கள் கார்ட்டில் இருப்பது ரோட்டக்ஸ் மேக்ஸ். 125 சிசி, டூ ஸ்ட்ரோக். கியர்பாக்ஸ் கிடையாது. முன்னால் எஞ்சினில் ஒரு ஸ்ப்ராக்கெட், பின்னால் ஆக்சிலில் ஒரு ஸ்ப்ராக்கெட், நடுவில் ஒரு செயின். முன்னால் 13 பல், பின்னால் 82 பல் என்றால் விகிதம் 6.31. திருப்பத்தில் ஊர்ந்தாலும் நேர்த்தடத்தில் பறந்தாலும் அந்த ஒரே விகிதம்தான். பின்னால் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்தில் ஆர்பிஎம் ஒன்றேகால் சதவீதம் ஏறும். 13,500-இல் ஓடும் எஞ்சினுக்கு அது 160 சொச்சம். முன்னால் ஒரு பல் மாற்றுவது பின்னால் ஆறு பல்லுக்கும் மேல் மாற்றுகிற மாதிரி. அதனால் முன்பக்கத்தில் நாங்கள் கை வைப்பதே அபூர்வம்.

வாங்கிய புதிதில் நாங்கள் பார்த்தது ஒரே எண்தான்: திரையில் வரும் அதிகபட்ச ஆர்பிஎம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது 14,900 காட்டியது. "மாமா, பல்லு ரொம்ப அதிகம், எஞ்சின் மூச்சு முட்டுது" என்றான். எனக்கும் சரி என்று பட்டது. 82-ஐக் கழற்றி 80 போட்டேன். லேப்புக்கு, அதாவது தடத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு, பத்தில் இரண்டு பங்கு விநாடி போனது. இந்த எஞ்சினை அதன் எலக்ட்ரானிக்ஸே 14,000 பக்கத்தில் வெட்டிவிடுமே, 14,900 எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருடமாக எஞ்சின் பிரிக்கிறேன், வெட்கக்கேடு.

ராத்திரி வீட்டில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆர்பிஎம் கோடு ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்குகிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஊசி மாதிரி ஒன்று மேலே குத்தி அடுத்த நொடியே கீழே வந்துவிடுகிறது. கார்ட் தடத்தின் ஓர மேட்டில், கெர்பில், ஏறி அதிர்கிற இடம் அது. கிளிப்பிலிருந்து வரும் வயரை நான் ஸ்பார்க் கொடுக்கும் காயிலை ஒட்டியே கட்டியிருந்தேன். அதிர்வில் இரண்டும் உரசி, இல்லாத ஸ்பார்க்கையும் எண்ணியிருக்கிறது. வயரைத் தள்ளிக் கட்டியதும் ஊசி போய்விட்டது. நிஜமான உச்சம் 13,400. பழைய 82 பல்லே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து திரையில் வரும் ஒற்றை எண்ணை நம்புவதில்லை, கோட்டைத்தான் பார்க்கிறேன்.

அடுத்த பாடம் பெரிது. தடத்தில் ஒரு கொண்டை ஊசித் திருப்பம். "வெளிய வர்றப்ப இழுக்கவே இல்ல மாமா, ரெண்டு பல்லு கூட்டுங்க" என்று மாதக்கணக்கில் ஒரே பல்லவி. தோட்டத்து ஆட்கள் சொல்வது மாதிரியே இருந்ததால் நானும் 84 போட்டேன். திருப்பத்தில் கொஞ்சம் கிடைத்தது, நேர்த்தடத்தின் கடைசியில் அவ்வளவும் போனது. கடைசியில் இரண்டு லேப்பை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். இரண்டும் அவன் ஓட்டியவை, ஒரே நாள், 82 பல். ஒன்றில் திருப்பத்தின் நடுவில் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், ஆர்பிஎம் 6,500. இன்னொன்றில் 58, ஆர்பிஎம் 7,000. முதல் லேப்பில் பிரேக்கைக் கடைசி நொடி வரை தள்ளிப்போட்டு, அப்புறம் உதைத்து மிதித்து, கார்ட்டைச் சாகடித்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். போகும்போது வீரமாகத்தான் இருந்திருக்கும். இரண்டு லேப்புக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் காட்டும் கோடு உள்ளே போகும்போது ஒரு மயிரிழை லாபம் காட்டுகிறது, வெளியே வந்ததும் நஷ்டம் செங்குத்தாக ஏறி அடுத்த திருப்பம் வரை இறங்கவே இல்லை.

ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த 4 கிலோமீட்டர் வேகத்தைப் பல்லால் ஈடுகட்ட வேண்டும் என்றால் பின்னால் ஆறு பல் கூட்ட வேண்டும், அதாவது 88. அதைப் போட்டால் நேர்த்தடம் முடிவதற்கு முன்பே எஞ்சின் வெட்டிக்கொள்ளும். பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை ஐந்து மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடித்து, சீக்கிரமே விட்டான். 58 வந்தது, பல் 82-லேயே நின்றது. லாகரால் எங்களுக்குக் கிடைத்ததில் பெரியது எது என்று கேட்டால், போடாமல் விட்ட ஸ்ப்ராக்கெட் என்பேன்.

டயரும் பல் கணக்கைக் கலைக்கும். பின் டயரின் விட்டம் மூன்று மில்லிமீட்டர் தேய்ந்தாலே ஏறக்குறைய ஒரு பல் கூட்டிய மாதிரி. புது டயரில் எடுத்த டேட்டாவையும் பழைய டயரில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டேப் வைத்துச் சுற்றளவு எடுத்து, மளிகைக்கடைக் கடன் எழுதும் 555 புத்தகத்தில் குறித்துவிடுகிறேன். தேதி, பல், டயர் சுற்றளவு, காற்று, வானம் எப்படி. லாகரோடு வாங்கிய பொருள்களில் அதிகம் பயன்பட்டது அந்தப் புத்தகம்தான்.

குறைகள். பேட்டரி முதல் வருடம் நாள் முழுக்க வந்தது, இப்போது மதியச் சாப்பாட்டோடு படுத்துவிடுகிறது. ஜிபிஎஸ் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், பிட்டில் கூரைக்கு அடியில் ஆன் செய்தால் இன்னும் மோசம். உச்சி வெயிலில் திரை மங்கல். எல்லாப் பகுதியிலும் சிறந்த நேரத்தைக் கூட்டி "நீ இவ்வளவு ஓட்டியிருக்கலாம்" என்று மென்பொருள் ஒரு கற்பனை லேப் காட்டும். அதைப் பார்க்காதே என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு திருப்பத்தைக் கெடுத்து அடுத்ததில் சம்பாதித்த நேரமும் அந்தக் கூட்டலில் சேர்ந்துவிடுகிறது. தண்ணீர்ச் சூட்டு அளவு மட்டும் குறை சொல்ல முடியாதது. குளிர் நாட்டுக்காரர்கள் ரேடியேட்டரில் டேப் ஒட்டிச் சூடு ஏற்றுவார்களாம். நம் வெயிலுக்கு அந்த டேப்பைக் கொண்டுபோவதே வீண்.

1999-இல் சிப்பாங்குக்கு எஃப் ஒன் வந்தபோது நான் பட்டறையில் கையாள். 2017-இல் அதுவும் நின்றுபோனது. இப்போது அங்கே போனால் கார்ட் தடத்தோடு சரி, பெரிய தடத்தின் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

வேண்டாமல் போன 84 பல் ஸ்ப்ராக்கெட் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் தோட்டத்து மண்டோர் (மேஸ்திரி) ஒருவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ பல்லா? நம்ம கப்சாய்க்குப் போட்டா மலையே ஏறுமே தம்பி" என்றார். கார்ட் செயினின் பிட்ச், அதாவது கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம், 7.775 மில்லிமீட்டர், கப்சாய் செயினுடையது 12.7. "செயின் கடிக்காது அண்ணே" என்று வாங்கி மறுபடி ஆணியில் மாட்டினேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.