கடனை அடைத்துவிட்டுக் குழந்தையா, குழந்தையோடு சேர்த்துக் கடனா: வழிகளை எடைபோட்டுப் பார்த்தல்

கடன் கழுத்தளவு இருக்கும் வேளையில் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் தம்பதிக்கு அறிவுரை கேட்காமலேயே வந்து சேரும். முழுக் கடனையும் அடைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு என்பார்கள் சிலர். வயதைக் கடத்தாதீர்கள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள் வேறு சிலர். இரு தரப்பாரும் பேச்சில் உறுதியாக இருப்பார்களே தவிர, தாளை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரே கடன் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியிலும் அது என்னவாகிறது என்று இங்கே பார்க்கிறேன்.

இருவரும் சம்பாதிக்கும் ஒரு வீட்டில் மொத்தக் கடன் 6,00,000 என்று கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் விகிதங்கள் மாறப்போவதில்லை. வீட்டுப் பொருள் வாங்கிய சிறு கடன் 30,000, ஆண்டு வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 2,000. கிரெடிட் கார்டு பாக்கி 90,000, வட்டி 36 சதவீதம், மாதம் கட்டுவது 4,500. தனிநபர் கடன் 1,80,000, வட்டி 15 சதவீதம், தவணை 4,500. கல்விக் கடன் 3,00,000, வட்டி 9 சதவீதம், தவணை 4,000. கட்டாயம் கட்ட வேண்டியது மாதம் 15,000. சிக்கனமாக இருந்தால் மேற்கொண்டு 10,000 ஒதுக்க முடியும். முதல் மாத வட்டி 7,500 ஆகிறது, அதில் 2,700 கார்டுக்கு மட்டுமே போகிறது. அதாவது கடனில் 15 சதவீதமாக இருக்கும் கார்டு, வட்டியில் 36 சதவீதத்தைத் தின்கிறது.

முதல் வழி, எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் குழந்தையைப் பற்றி யோசிப்பது. மாதம் 25,000 விடாமல் கட்டி, வட்டி மிக அதிகமான கார்டிலிருந்து தொடங்கி, அடுத்துச் சிறு கடனை முடித்துவிட்டுப் பெரிய கடன்களுக்குப் போனால், கடைசித் தவணை 28-ஆவது மாதத்தில் முடியும். இரண்டு ஆண்டு நான்கு மாதம் என்பது இருபத்தைந்து வயதில் ஒரு பொருட்டே இல்லை. முப்பத்து நான்கு வயதில் அப்படிச் சொல்ல முடியாது, ஏனெனில் பெண்ணின் கருத்தரிக்கும் திறன் முப்பதுகளின் தொடக்கத்திலேயே மெல்லக் குறையத் தொடங்கி, 35 வயதைத் தாண்டிய பின் வேகமாகக் குறைகிறது என்பது மருத்துவம் தெளிவாகச் சொல்வது; ஆணின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. முயற்சி தொடங்கிய மாதமே கரு தங்கும் என்ற உறுதி எவருக்கும் கிடையாது. இந்த வழியில் என் மனத்துக்கு ஒட்டாதது வேறொன்றும் இருக்கிறது. அந்த 28 மாதங்களில் கடைசி 19 மாதங்கள், 15 சதவீத, 9 சதவீதக் கடன்களை அடைப்பதற்கே செலவாகின்றன. கழுத்தை நெரிக்கும் கடன்கள் அதற்கு முன்பே, ஒன்பதாவது மாதத்திலேயே, தீர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிரானது: குழந்தைக்கான செலவைப் பார்த்துக்கொண்டு, கடனுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருவது. வங்கி அனுப்பும் அறிக்கையில் முழு பாக்கியைவிடக் குறைந்தபட்சத் தொகைதான் கண்ணுக்கு இதமாகத் தெரிகிறது; அதைக் கட்டிவிட்டால் அந்த மாதம் தொலைபேசி ஒலிக்காது. ஆனால் மேலே சொன்ன கார்டுக்கு மாதம் 4,500 மட்டுமே கட்டினால் பாக்கி தீர 31 மாதங்கள் ஆகும், வட்டியாகப் போவது ஏறக்குறைய 49,500. பாக்கியில் இத்தனை சதவீதம் என்று குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும் கார்டுகளில், பாக்கி குறையக் குறையக் கட்டும் தொகையும் குறைவதால், காலம் இதைவிட வெகுவாக நீளும். குழந்தை பிறந்த முதல் ஆண்டில் எதிர்பாராத செலவுகள் அதே கார்டின் மேல் ஏறுவது சாதாரணமாக நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வழியை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வருமானத்தில் மிச்சம் பிடிக்கவே வழியில்லாத வீட்டுக்கு இது தேர்வாக வருவதில்லை, நிலைமையாகவே வந்துவிடுகிறது. அவர்கள் குழந்தை வரும் வரை காத்திராமல், கடன் கொடுத்தவரிடம் இப்போதே பேசியாக வேண்டும்.

இடைப்பட்ட வழிகளுக்குப் போகுமுன், கடன்களை எந்த வரிசையில் அடைப்பது என்ற பழைய வாதத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிடலாம். வட்டி அதிகமானதை முதலில் அடைக்க வேண்டும் என்போர் ஒரு புறம், தொகை சிறியதை முதலில் முடிக்க வேண்டும் என்போர் மறுபுறம். நம் கணக்கில் முதல் வகையினர் கார்டை ஏழாவது மாதத்தில் முடிக்கிறார்கள்; அதன்பின் 15 சதவீதத் தனிநபர் கடனுக்குத் தாவாமல், பாக்கி கொஞ்சமே இருக்கும் சிறு கடனை எடுத்தால் அதுவும் ஒன்பதாவது மாதத்தில் முடிகிறது. இரண்டாம் வகையினர் சிறு கடனை மூன்றாவது மாதத்திலும் கார்டை ஒன்பதாவது மாதத்திலும் முடிக்கிறார்கள். இருவருக்கும் ஒன்பதாவது மாதத்தில் இரண்டு கணக்குகளும் மூடப்படுகின்றன. வட்டியில் வித்தியாசம் சுமார் 3,000 மட்டுமே, 6,00,000 கடனில் அரை சதவீதம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, தொகை எவ்வளவு என்பதைவிட, கணக்குகளை ஒவ்வொன்றாக மூடி வருவோரே முழுக் கடனையும் அடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. பாதியில் சலித்துவிடும் இயல்புடையவர் சிறியதை முதலில் முடிக்கட்டும். அந்த 3,000 வீண்செலவு ஆகாது. பெரிய தொகைகளில் கார்டு பாக்கி மற்றவற்றைவிட மிக அதிகமாக இருந்தால் மட்டும் வட்டியின் வரிசையை மீறக் கூடாது.

குழந்தையை எதிர்பார்க்கும் வீட்டுக்கு இவ்விரண்டையும்விடப் பொருத்தமான மூன்றாவது அளவுகோல் ஒன்று உண்டு. எந்தக் கடனை மூடினால், செலவிட்ட தொகைக்கு ஈடாக மாதக் கட்டாயம் அதிகமாகக் குறைகிறது என்று பார்ப்பதே அது. பாக்கியைத் தவணையால் வகுத்தால் போதும். சிறு கடனுக்கு 15, கார்டுக்கு 20, தனிநபர் கடனுக்கு 40, கல்விக் கடனுக்கு 75 என்று வருகிறது. எண் சிறியதாக இருக்கும் கடன் மூடுவதற்கு எளிது, மூடியதும் மாதத்தில் அதிக மூச்சு கிடைக்கும். வருமானம் சுருங்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு வீட்டுக்கு, மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட மாதக் கட்டாயம் எவ்வளவு என்பதே தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. அந்தச் சுருக்கம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, விடுப்பு 14 வாரங்களுக்குக் குறையக் கூடாது என்றும், முந்தைய வருமானத்தை வைத்துக் கணக்கிடும் இடங்களில் உதவித்தொகை அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. அதை முழுமையாகப் பின்பற்றும் இடத்தில்கூட ஒருவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு விடுபட்டுப் போகலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் பல இடங்களில் எதுவுமே கிடைப்பதில்லை.

எனவே மூன்றாவது வழிதான் என் கணக்கில் முன்னால் நிற்கிறது. ஒன்பது மாதங்கள் மட்டும் முழு மூச்சாகக் கட்டி, கார்டையும் சிறு கடனையும் மூடிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போது கடன் சுமார் 4,27,000 ஆகக் குறைந்திருக்கும். மாதக் கட்டாயம் 15,000-இலிருந்து 8,500-க்கு இறங்கியிருக்கும். அதன் பிறகு கருவுற்றால், அடைப்பதை நிறுத்தி, மிச்சமாகும் 16,500-ஐ மாதாமாதம் கையிருப்பாகச் சேர்க்க வேண்டும். ஒன்பது மாதத்தில் அது 1,48,500 ஆகும். வேறு வருமானமே இல்லாவிட்டாலும் பதினேழு மாதத் தவணைகளுக்கு அது போதும். அந்தப் பணத்தைத் தனிநபர் கடனில் கட்டாமல் வைத்திருப்பதால் இழக்கும் வட்டி ஏறக்குறைய 7,500. கையில் ரொக்கம் இருப்பதற்கான காப்பீட்டுக் கட்டணமாக அதை நான் எடுத்துக்கொள்கிறேன், விலை அதிகமென்று தோன்றவில்லை. குழந்தையும் தாயும் நலமாக வீடு திரும்பிய பின், மிஞ்சியதை ஒரே தவணையாகக் கடனில் கட்டலாம்.

கார்டு பாக்கி இருக்கும்போதே கரு தங்கிவிட்டவர்களுக்குக் கணக்கு கடினமாகிறது. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் மட்டும் கட்டி, மாதம் 10,000 சேர்த்தால், ஒன்பது மாதத்தில் 90,000 கையில் இருக்கும், ஆறு மாதத் தவணைகளுக்கு ஈடாக. அதற்காக இழப்பது சுமார் 11,300 கூடுதல் வட்டி. மாறாகக் கார்டை அடைத்துவிட்டால், அவசரத்துக்கு அதே கார்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடுவார்கள். காகிதத்தில் அது சரிதான். ஆனால் கார்டின் வரம்பை எப்போது வேண்டுமானாலும் குறைக்கும் உரிமை வங்கியிடம் இருக்கிறது. வீட்டில் வருமானம் குறைந்திருக்கும் நேரத்திலும் அது நடக்கலாம். முதல் சில மாதங்கள் இரண்டையும் பாதியாகப் பிரித்துக் கட்டி, பேறு நெருங்க நெருங்கக் கையிருப்பின் பக்கம் சாய்வதே எனக்கு நிதானமாகத் தெரிகிறது.

கடன்களை ஒன்றாக்கி ஒரே கடனாக மாற்றிக்கொள்வதைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. கார்டின் 90,000-ஐ 15 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக மாற்றினால் தவணை 2,141 ஆகக் குறைகிறது. பாதிக்கும் குறைவான தவணையைப் பார்த்ததும் மனம் லேசாகும். ஆனால் அப்படியே அறுபது மாதம் கட்டினால் வட்டி 38,000-ஐத் தாண்டும், 36 சதவீதக் கார்டையே ஏழு மாதத்தில் அடைத்தால் ஆகும் வட்டியோ 11,000 சொச்சம்தான். அதே புதிய கடனுக்கு, கார்டுக்குக் கட்டியிருக்கக்கூடிய 14,500-ஐயே (4,500-உம் மேற்கொண்டு ஒதுக்கும் 10,000-உம்) மாதாமாதம் கட்டினால் வட்டி 4,300-க்குள் முடிந்துவிடும். ஆக இந்த வழியின் நன்மை வட்டி விகிதத்தைவிடக் கட்டுபவரின் பிடிவாதத்தைச் சார்ந்திருக்கிறது. முன்கூட்டியே அடைக்க அபராதம் உண்டா, எடுக்கும்போது என்ன கட்டணம் என்று கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும். காலியான கார்டை அப்படியே வைத்திருந்தால் இரண்டாண்டில் இரண்டு கடன்களும் இருக்கும். வீட்டை அடமானம் வைத்து இதைச் செய்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கார்டுக் கடனைக் கட்டத் தவறினால் பெயர் கெடும், அடமானக் கடனைக் கட்டத் தவறினால் குழந்தையோடு குடியிருக்கும் கூரையே போய்விடும்.

உறவினரிடம் வட்டியில்லாமல் வாங்குவது கணக்கில் எல்லாவற்றையும் வெல்லும். அதன் வட்டி வேறு வடிவில் வசூலாகும் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். வாங்குவதானால் திருப்பித் தரும் தேதியையும் தொகையையும் எழுதிக் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கணக்கு இருவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பட்டியல் எழுத உட்கார்ந்த இரவில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் நான்கு கடன்களை எழுதினேன். என் மனைவி பேனாவை வாங்கி, எனக்குத் தெரியாத ஐந்தாவதை எழுதினாள். தொகை சிறியதுதான், ஆனால் அந்தக் கடைசி வரி வந்த பிறகுதான் கூட்டல் சரியாக வந்தது. ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர் மேல் எந்தக் கடன் விழும், எதற்கு இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம், கடனுக்கு ஈடான ஆயுள் காப்பீடு இருக்கிறதா என்பதெல்லாம் அன்றைக்கே பேச வேண்டியவை. குழந்தை பிறந்த பிறகு அவற்றைப் பேச நேரமும் தூக்கமும் இருக்காது.

விடுப்பு தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையைச் செலவு செய்துதான் கற்றோம். எங்கள் தவணை ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து எடுக்கப்படும், சம்பளமோ முந்தைய மாதக் கடைசி நாளிலேயே வந்துவிடும். ஆகவே தேதியைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. விடுப்புக் காலத்து உதவித்தொகை எட்டாம் தேதி வந்தது. பணம் வரவிருந்தும் மூன்று நாள் வித்தியாசத்தில் தவணை திரும்பியது, அபராதமும் விழுந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தை அழைத்துத் தேதியைப் பத்துக்கு மாற்றக் கேட்டபோது, படிவம் ஒன்றை நிரப்பினால் போதும் என்றார்கள். அது ஒரு பக்கப் படிவம், கட்டணம் எதுவும் இல்லை.