வடவள்ளி வீட்டுக்கு வந்த சோலார் வெந்நீர்

மார்கழி பிறந்த மறுநாள் கோவையில் இறங்கினேன். விடியற்காலை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, குளியலறை வாசலில் ஓர் அலுமினிய வாளியும் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்த ஹீட்டர் ராடும்தான். கீசர் ஒழுக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறதாம். நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா பழைய ராடைப் பரணிலிருந்து எடுத்துவிட்டார். அவருக்கு 76 வயது. "சுவிட்சை அணைச்சுட்டுத்தான் கண்ணு வாளியைத் தொடறேன்" என்றார். ஒருநாள் அணைக்க மறந்துபோனதை அம்மா பிறகு சமையலறையில் வைத்து மெல்லச் சொன்னாள். ஈரத் தரை, உலோக வாளி, வயதான கை. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பயணத்தில் வேறு எதைச் செய்கிறேனோ இல்லையோ, இதைச் சரிசெய்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

நான் இருப்பது மெல்போர்னில். அங்கே எங்கள் வீட்டில் வெந்நீருக்கு முன்பு கேஸ்தான். விக்டோரியா மாநிலத்தில் 2024 முதல் திட்ட அனுமதி வாங்கிக் கட்டும் புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பே கிடையாது. பழைய வீட்டுக்காரர்களும் மானியத்தோடு ஹீட் பம்புக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் மாறினோம். ஏசி வெளிப்பெட்டி மாதிரி ஒன்று முற்றத்தில் நிற்கும். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட்டுக்கும் மேலான வெப்பம் கிடைக்கும். மெல்போர்ன் குளிரிலேயே இப்படி என்றால், வெயில் கொட்டுகிற கோவையில் எப்படி இருக்கும் என்ற நினைப்போடுதான் ஊருக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் புரிந்தது, எங்கள் வீட்டுச் சிக்கல் தண்ணீரில் இருக்கிறது என்று.

வடவள்ளிப் பக்கம் குடிக்கச் சிறுவாணி அணைத் தண்ணீர் வருகிறது. ஆனால் அது சில நாளுக்கு ஒருமுறை வந்து தரைத்தொட்டியில் விழும் தண்ணீர். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர்தான். பழைய கீசரைக் கழற்றிய பிளம்பர் அதன் காயிலை எடுத்துக் காட்டினார். விரல் பருமன் இருக்க வேண்டிய காயில், சுண்ணாம்பு மாதிரி உப்பு படிந்து மணிக்கட்டு பருமனில் இருந்தது. 11 ஆண்டில் மூன்றாவது கீசர் அது. காயிலைச் சுற்றி உப்பு உறை போட்டுவிட்டால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது, காயில் தானே வெந்து போய்விடும். இன்னொரு பக்கம், தண்ணீரில் இருக்கும் குளோரைடு தொட்டியின் உள்சுவரைத் தின்கிறது.

இன்னொரு கீசருக்குப் பதில் சோலார் போடலாமா என்று கேட்க, காந்திபுரம் பக்கம் இரண்டு கடை, ஆர்.எஸ்.புரத்தில் ஒன்று ஏறி இறங்கினேன். முதல் கடையில் எத்தனை பேர் என்று கேட்டு, உடனே விலை சொல்லி, நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார்கள். இரண்டாவது கடையில் அரசு மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு என்றார் ஒருவர். இந்தக் குழப்பத்தில் நிறையப் பேர் விழுவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த 78,000 ரூபாய் 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில், கரண்டு தயாரிக்கும் சோலார் பேனல் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போடுகிறவர்களுக்கு. தண்ணீர் சூடாக்கும் சோலாருக்கு அது கிடையாது. வெந்நீர் சோலாருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014லேயே நின்றுவிட்டது. மானியம் உண்டு என்று யாராவது சொன்னால் எந்தத் திட்டம் என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கடையில் விலையே சொல்லவில்லை. "தண்ணி எதுங்க, போருங்களா சிறுவாணிங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றார் அந்தப் பையன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சொன்னபடி வந்தார். குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து, அதில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டார். 1,400 காட்டியது. பிறகு மொட்டை மாடிக்குப் போய் ஃபோனில் திசை பார்த்து, தொட்டி மேடையின் உயரத்தை டேப்பால் அளந்தார். அவரிடம்தான் வாங்குவது என்று அப்போதே அப்பா கண்ணைக் காட்டிவிட்டார்.

ஹீட் பம்பைப் பற்றி அவரிடமே கேட்டேன். நல்ல பொருள்தான், ஆனால் நீங்கள் ஊருக்குப் போன பிறகு அதில் பழுது வந்தால் பார்க்க ஆள் குறைவு, உங்கள் தண்ணீருக்கு அதன் தொட்டியும் இதே பாடு படும் என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. கம்ப்ரஸர், ஃபேன், போர்டு என்று ஓடுகிற பாகம் உள்ள எதையும் இரண்டு பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. சோலாரில் ஓடுகிற பாகமே இல்லை. வெந்நீர் லேசு என்பதால் மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். அந்தச் சுழற்சிதான் அதன் மோட்டார்.

சோலாரிலும் இரண்டு வகை. தட்டையான பலகை மாதிரி இருப்பதில் மெல்லிய செம்புக் குழாய்கள் வழியே தண்ணீர் ஓடும், உப்புத் தண்ணீரில் அவை அடைத்துக்கொள்ளும். அந்த வகையே வேண்டும் என்றால், நம் தண்ணீரை அந்தக் குழாய்களுக்குள் விடாமல் சூட்டை மட்டும் அதற்கு மாற்றிக் கொடுக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்தது வாங்க வேண்டும், விலை கூடும். இன்னொன்று கண்ணாடிக் குழாய் வகை. பிளாஸ்க் போல இரட்டைக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம், உள்கண்ணாடியின் மேல் கறுப்புப் பூச்சு. குழாய் அகலமானது, உப்பு அடியில் தங்கினாலும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவிவிடலாம். இதையே எடுத்தோம், 100 லிட்டர். தொட்டி ஸ்டீலா, உள்ளே கண்ணாடிப் பூச்சு கொடுத்ததா என்று கேட்டபோது, உப்புத் தண்ணீருக்குப் பூச்சுதான் என்றார் அவர். உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். அரிப்பைத் தொட்டிக்குப் பதில் தான் வாங்கிக்கொண்டு கரைந்துபோகும் கம்பி. அது தீர்ந்ததும் மாற்ற வேண்டும். மூன்று கீசர் வாங்கிய எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தக் கம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

நடுவில் நான் ஒரு யோசனை சொன்னேன். சிறுவாணித் தண்ணீரைத் தனியாக ஒரு சின்னத் தொட்டிக்கு ஏற்றி, அதை மட்டும் சோலாருக்குக் கொடுத்தால் உப்புப் பிரச்சனையே இருக்காதே என்று. அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "குடிக்கிற தண்ணிய மேலுக்கு ஊத்தறதா? அதெல்லாம் வேண்டாம் கண்ணு." அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் சொன்னது நியாயம். ஒரு வாரம் சிறுவாணி வராமல் போனால் சோலார் காலியாகி வெயிலில் காய்ந்து கிடக்கும் என்ற ஆபத்தும் அதில் இருந்தது.

விலை பேசிய வரை எல்லாம் நன்றாக நடந்தது. மாட்டும் வேலையில்தான் சிரமப்பட்டோம். கடைக்காரப் பையன் வரவில்லை, மாட்டுவதற்கு வேறு ஆட்கள். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்து வந்தார்கள். வந்ததும் மாடிப்படி அறைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை வைத்துவிட்டார்கள், குழாய் நீளம் குறையும் என்று. மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த அறையின் நிழல் நேராக அங்கே விழும். கோவை 11 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. நமக்கு வெந்நீர் அதிகம் வேண்டியிருப்பதும் அப்போதுதான். தெற்கு பார்த்து, நாள் முழுக்க நிழல் விழாத இடம் வேண்டும். நகர்த்தச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், ஆனால் நகர்த்தினார்கள்.

அடுத்தது தொட்டி உயரம். சோலாருக்குத் தண்ணீர் தானாக இறங்கி வர வேண்டும் என்றால், சின்டெக்ஸின் அடிப்பகுதி சோலார் தொட்டியின் தலைக்கும் மேலே இருக்க வேண்டும். எங்களுடையது இரண்டரை அடி தாழ்வு. கொத்தனார் வந்து மேடையை உயர்த்த மூன்று நாள் ஆனது. நான் பக்கத்தில் நிற்காமல் இருந்திருந்தால் அப்படியே மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தொட்டி பாதிதான் நிறையும், சோலார் சரியில்லை என்று அம்மா ஃபோனில் சொல்லியிருப்பாள். வெந்நீர் வரும் குழாய்க்குச் சாதாரண பிவிசி கொண்டு வந்திருந்தார்கள். சூட்டில் அது இளகிவிடும் என்று திருப்பி அனுப்பி, சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போட்டு, வெயில் படும் இடத்தில் மேலே உறையும் சுற்றச் சொன்னோம்.

கடைசி நாள் ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தது. காலையிலேயே குழாய்களைச் சொருகிவிட்டு, சாப்பிடப் போய், உச்சி வெயிலில் வந்து தண்ணீரைத் திறந்தார்கள். மூன்று மணி நேரம் காலியாகக் காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டதும் படீரென்று ஒரு சத்தம். உடைந்த குழாய்க்குக் காசு கேட்டார்கள். தண்ணீர் நிரப்புவது அதிகாலையிலோ வெயில் இறங்கிய பிறகோதான் என்று அவர்கள் கொடுத்த புத்தகத்திலேயே போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டி, கடைக்கும் ஃபோன் செய்தேன். புதுக் குழாய் மறுநாள் காசில்லாமல் வந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குத் தொட்டித் தண்ணீர் 61 டிகிரி. மறுநாள் காலை ஆறு மணிக்கு 54. ஒரு ராத்திரி முழுக்க வெறும் ஏழு டிகிரிதான் இறங்கியிருக்கிறது. அம்மா முதல் வாளியைப் பிடித்துக் கையை வைத்துவிட்டு, "ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தக் குரலுக்காகவே நான் வந்த செலவு சரியாகிவிட்டது.

குழாயில் நின்ற குளிர்ந்த தண்ணீர் முதலில் மூன்று, நான்கு லிட்டர் வருகிறது. ஷவரில் நின்று குளிக்கிறவர்களுக்கு அது வீண். வாளியில் பிடித்துக் குளிக்கிற நம் வீட்டுக்கு அதுவே விளாவுகிற தண்ணீர் ஆகிவிடுகிறது. வெந்நீர் கொதியாக இருக்கும் என்பதால் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் வாளியில் பிடித்துவிட்டுத்தான் வெந்நீரைத் திறப்பது என்று பழக்கிவிட்டேன். வயதானவர்கள் தோல் சட்டென்று வெந்துவிடும்.

இனி காசுக் கணக்கு. தொட்டி மேடை, குழாய் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. இரண்டு பேர் குளிக்க ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்று வைத்து, 24 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்றினால் 1.3 யூனிட்தான் ஆகிறது. கீசரை மணிக்கணக்கில் போட்டு வைப்பதில் வீணாவதையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மிச்சம் என்று கொள்ளலாம். எங்கள் ஈபி பில் குளிர்காலத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் 101இலிருந்து 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடிவிடுகிறது, அதனால் அந்தக் கோட்டுக்குக் கீழே வருவது பெரிய உதவி. அப்படியும் போட்ட காசு திரும்ப எட்டு ஆண்டாவது ஆகும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டில் பாதி நாளில் வந்துவிடும். இரண்டு பேர் மட்டும் இருந்து, தண்ணீரும் நல்ல தண்ணீராக இருந்தால், ஐந்து நட்சத்திர கீசரும் ஒரு டைமரும் போதும் என்றே சொல்வேன். நாங்கள் இதைப் போட்டது அந்த ராடை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதற்காக.

பீளமேட்டில் சித்தி இருக்கும் அடுக்கு மாடியில் பொது சோலார் இருக்கிறது. இரண்டாவது மாடிக்கு வெந்நீர் வந்து சேர்வதற்குள் ஒரு வாளித் தண்ணீர் ஓடிவிடுகிறது, காலை ஏழரைக்கு மேல் மேல்மாடிக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள். இப்படி மாடி நம் கையில் இல்லாத இடத்துக்கு, சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருந்தால், பால்கனியில் ஒரு ஹீட் பம்ப் நல்ல வழி. சித்தி மகனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து போய்ச் செய்கிறவர்களுக்கு ஒன்று. பில், வாரண்டி அட்டை இரண்டையும் ஊரில் இருப்பவர் பெயரில், அவருடைய ஃபோன் எண்ணில் போடுங்கள். கடைக்காரர் முதலில் என் மெல்போர்ன் எண்ணை எழுதியிருந்தார், மாற்றச் சொன்னேன். பயணத்தின் முதல் வாரத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். எங்களுக்கு அளவு பார்த்த நாளிலிருந்து வெந்நீர் வரும் வரை 16 நாள் ஆனது.

கிளம்பும் முன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினேன். உப்பு கழுவ வேண்டிய மாதம், மக்னீசியம் கம்பி பார்க்க வேண்டிய மாதம், குழாயின் அடிநுனியில் வெள்ளி நிறம் மாறி வெளுத்துவிட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், தெருமுனை பிளம்பர் எண். அப்பா தினமும் மாடிக்குப் போய், மயில் வந்து உட்காருகிறதா என்று பார்க்கிறார். சித்திரை வெயிலில் தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்கும், பாதிக் குழாய்களை மூடி வைக்கச் சொல்லியிருந்தேன். நேற்று பேசும்போது, நர்சரியில் பச்சை வலை நான்கு மீட்டர் வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார்.