இரண்டாம் நாள்: நெடுந்தீவா, கீரிமலையா?

யாழ்ப்பாணம் வருபவர்கள் கோட்டை, நூலகம், நல்லூர் மூன்றையும் முதல் நாளே பார்த்துவிடலாம். குழப்பம் மறுநாளுக்குத்தான்: படகேறி நெடுந்தீவு என்ற தீவுக்குப் போவதா, கடற்கரையோரக் கேணிக்குப் பேர்போன கீரிமலைக்குப் போவதா?

பயணம்
நெடுந்தீவு: விடிய எழும்பி, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகில். திரும்பும் படகு நேரத்தை ஏறுமுன்பே கேட்டு வையுங்கள். தவறினால் அன்றிரவு தீவில்தான். சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் காலத்தில் கடல் நன்றாகவே ஆட்டும்.
கீரிமலை: பஸ்ஸோ ஓட்டோவோ போதும்.

செலவு
நெடுந்தீவு: படகுக் கட்டணம் பெரிதில்லை. தீவுக்குள் சுற்ற வாகனம் பிடிப்பதுதான் காசு. நாலைந்து பேராகப் போனால் பங்கு போடலாம்.
கீரிமலை: பஸ்ஸில் போனால் மிகக் குறைவு.

பார்க்க
நெடுந்தீவு: கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், பெருக்குமரம் (பாவோபாப்), பழைய கோட்டையின் இடிபாடு. என்னைக் கேட்டால் இவற்றைவிட, வளவுக்கு வளவு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) அடுக்கிய வேலிகளே அழகு. நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.
கீரிமலை: கடலை ஒட்டிய நன்னீர்க் கேணி, ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனியாக. பக்கத்தில் நகுலேஸ்வரம் சிவன் கோயில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். திரும்பும்போது கந்தரோடையின் பழங்காலப் பௌத்த தூபிகளையும் பார்க்கலாம். ஆடி அமாவாசையன்று மட்டும் போகாதீர்கள், பிதிர்க்கடன் செய்ய வரும் கூட்டம் தாங்காது.

வயதான அம்மா அப்பாவோ கைக்குழந்தையோ கூட வந்தால் கீரிமலை. மாலை ரயிலுக்குக் கொழும்பு திரும்புபவர்களுக்கும் அதுவே. இளம் ஆட்கள், முழுநாளும் கையில் உள்ளவர்கள், யோசிக்காமல் நெடுந்தீவுக்குப் போங்கள்.