யாத் வஷேமா, வாஷிங்டன் அருங்காட்சியகமா?

நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களுக்கான இரண்டு பெரிய நினைவிடங்கள் இவை. ஜெருசலேமின் யாத் வஷேம் 1953-ல் சட்டம் இயற்றி நிறுவப்பட்டது. வாஷிங்டனில் உள்ளது 1993-ல் திறக்கப்பட்டது.

யாத் வஷேமின் உயிர் பெயர்களில் இருக்கிறது. இறந்தவரை அறிந்த யாரும் ஒரு சாட்சியப் பக்கம் எழுதித் தரலாம்: பெயர், ஊர், பெற்றோர், தொழில், கிடைத்தால் ஒரு புகைப்படம். கல்லறையே இல்லாமல் போனவர்களுக்கு அந்த ஒற்றைத் தாள்தான் நடுகல். குழந்தைகள் நினைவிடத்துக்குள் ஒரே இருட்டு. சில மெழுகுவர்த்திகளின் சுடர் கண்ணாடிகளில் பட்டு வானம் முழுக்க நட்சத்திரமாகப் பெருக, ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வயதும் நாடும் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

வாஷிங்டனில், நாஜிகளின் மைதானெக் வதைமுகாமிலிருந்து வந்த, கைதிகளின் காலணிக் குவியல் இருக்கிறது. அதைவிட முக்கியம், இன்று நடப்பதையும் அது கண்காணிக்கிறது. இனப்படுகொலைத் தடுப்புக்கென்றே தனி மையம். எந்த நாட்டில் பெருந்திரள் கொலைகள் மூளும் அபாயம் அதிகம் என்று அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியுடன் சேர்ந்து கணிக்கிறார்கள். மியான்மரின் ரோஹிங்யா முஸ்லிம்கள் மீதான கொடுமையை அந்நாட்டின் அப்போதைய தலைவர் ஆங் சான் சூ கீ கண்டிக்கவில்லை என்று, அவருக்கு 2012-ல் தந்த தங்கள் எலி வீசல் விருதை 2018-ல் திரும்பப் பெற்றார்கள். சரி, எச்சரிக்கலாம், படை அனுப்பும் அதிகாரம் அருங்காட்சியகத்துக்கு இல்லை. அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

மாணவர்களை அழைத்துப்போக நான் வாஷிங்டனைச் சொல்வேன். தனியாகப் போகிறவர் யாத் வஷேம் போகட்டும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும்.